நாலு கடை, நாலு டேலி: ஒரே இடத்தில் இருப்புப் பார்க்க வழி என்ன?

கல்லிடை_அப்பளம்:
கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறோம். இங்கே ஒரு கடை; நெல்லை டவுன், தென்காசி, வள்ளியூரில் ஒவ்வொன்று. எல்லாவற்றிலும் தனித்தனியாக டேலி கணக்கு மென்பொருள். ராத்திரி ஒன்பதரைக்கு வாட்ஸப்பில் விற்பனை போட்டோ வரும். அப்பா அதை நோட்டில் எழுதி, மறுநாள் எவ்வளவு மாவு பிசைவது என்று முடிவு செய்வார். போன ஐப்பசி மழையில் காயவைக்க வெயில் இல்லை. தென்காசியில் சரக்கு தேங்கிக் கிடக்க, வள்ளியூரில் வந்த ஆளை இல்லை என்று திருப்பி அனுப்பினோம். இன்னும் மனசு ஆறவில்லை. எல்லாக் கடையையும் இணையம் வழியே இயங்கும் ஒரே கிளவுட் சர்வரில் ஏற்றிவிடலாமா?

பாளை_டேட்டா:
பில் போடுவதை கிளவுடுக்குக் கொண்டு போகாதீர்கள் தம்பி. நெட் போனால் கடையே நின்றுவிடும். டேலி அந்தந்தக் கடையிலேயே இருக்கட்டும். ராத்திரி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் நிரல்) டேலியிடம் அதன் 9000 போர்ட் என்ற இணைப்பு வழியாக, எக்ஸ்எம்எல் என்ற தரவு வடிவில் கணக்கைக் கேட்டு வாங்கி, நாலு கடைக்கும் பொதுவான போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் போட்டால் போதும். நெட் இல்லாத நாள் கணக்கு மறுநாள் சேர்ந்து போகும்.

ஆனால் "இன்றைய தேதி பில்" என்று கேட்காதீர்கள். ஒரு உரக்கடைக்கு அப்படித்தான் செய்து கொடுத்தேன். அவர்கள் பத்து நாள் பழைய பில்லைத் திருத்தியது எனக்கு வரவே இல்லை. மாதக் கடைசியில் கணக்கு இடித்தது. டேலி ஒவ்வொரு பதிவுக்கும் ஆல்டர் ஐடி என்று ஓர் எண் வைத்திருக்கிறது. பதிவைத் திருத்தினால் அது கூடும். கடைசியாக வாங்கிய எண்ணுக்கு மேலே உள்ளதை மட்டும் கேளுங்கள். அழித்த பில் இதில் சிக்காது. அதற்கு வாரம் ஒருமுறை, திருத்தினாலும் மாறாத பதிவு எண்ணான மாஸ்டர் ஐடியின் பட்டியலை டேலியிலும் டேட்டாபேஸிலும் எடுத்து ஒப்பிட வேண்டும்.

கணக்குப்பிள்ளை_வள்ளியூர்:
அண்ணாச்சி சொன்னது சரி. அதற்கு முன்னால் பெயரை ஒழுங்கு செய்யுங்கள். ஒரு கடையில் 'உளுந்து அப்பளம் 100', இன்னொன்றில் 'உ.அப்.100கி' என்றிருந்தால் எந்த ரிப்போர்ட்டும் தேறாது. அப்புறம் வேனில் இருக்கும் சரக்கு. கல்லிடையில் காலையில் அனுப்பியதாகக் கழித்து எழுதிய 40 பெட்டியை வள்ளியூரில் சாயங்காலம்தான் வரவு வைப்பார்கள். நடுவில் அது எந்தக் கடை இருப்பிலும் தெரியாது. அப்பா குறைகிறதென்று கூடுதலாகப் பிசையச் சொல்லிவிடுவார். பொது டேட்டாபேஸில் 'வழியில்' என்று ஓர் இருப்பிடம் வையுங்கள்.

கல்லிடை_அப்பளம்:
நேற்று ராத்திரி அப்பாவோடு உட்கார்ந்து நாலு பட்டியலையும் எழுதினேன். 61 பெயர் வந்தது, சரக்கு 23தான். சீரக அப்பளம் மட்டும் ஐந்து பெயரில் கிடக்கிறது. முதலில் வள்ளியூர்க் கடைக்குப் போட்டுப் பார்க்கிறேன் அண்ணாச்சி.