தெருக் குழு: பழைய ஸ்ப்ராக்கெட்டில் மேஜை விளக்கு

கார்த்தி, மாலை 6:12
செல்வம் மாமா, புதுப்பேட்டை பழைய சாமான் கடையில 42 பல் பைக் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடுற பல் சக்கரம்) ரெண்டு, 428 சைஸ் பைக் செயின் ஒண்ணு, பிஸ்டன், கார் பிரேக் டிஸ்க் எல்லாம் எடுத்துட்டேன். டிஸ்க்கை அடித்தட்டா வச்சு மேஜை விளக்கு ஒண்ணு வெல்டிங் பண்ணலாமா?

செல்வம் மாமா, 6:20
டிஸ்க் வேண்டாம் தம்பி. அது வார்ப்பிரும்பு. சாதாரண 6013 வெல்டிங் ராடுல அடிச்சா முதல்ல நல்லாதான் ஒட்டும். ஆறும்போது டிக்குனு சத்தம் வரும், வெல்டிங் ஓரத்துல முடி மாதிரி விரிசல் ஓடியிருக்கும். அதுக்கு நிக்கல் ராடு வேணும், முன்னாடியே சூடும் காட்டணும். ஒரு விளக்குக்கு அந்தச் செலவு எதுக்கு?

செல்வம் மாமா, 6:21
பிஸ்டன் அலுமினியம், இரும்போட பத்தவே பத்தாது. உள்ள இருக்கற பின் எஃகு. அதைக் கழட்டி ஒரு முனையைப் பத்தவச்சு, ஆறினப்புறம் பிஸ்டனைச் சொருகிக்கோ.

பானு அக்கா, 6:24
அடிக்கு ஸ்ப்ராக்கெட்டே போதும் கார்த்தி. 42 பல்லுன்னா குறுக்களவு கிட்டத்தட்ட 17 செ.மீ. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, அதுல இருக்கற ஓட்டையிலயே போல்ட் போடு. கனம் வந்துடும், சாயாது.

கார்த்தி, 6:26
சரிக்கா. தண்டுக்கு அரை இஞ்ச் ஜிஐ பைப் கிடக்கு, அதுல செயினைச் சுத்திடவா?

செல்வம் மாமா, 6:31
ஜிஐ கூடாது. அது துத்தநாகம் பூசின இரும்பு, அந்தப் பூச்சு எரிஞ்சா வெள்ளைப் புகை வரும், அன்னிக்கு ராத்திரி குளிர் ஜுரம் அடிக்கும். பூச்சு இல்லாத கறுப்புப் பைப் வாங்கு, 15 இஞ்ச். குரோம் பளபளன்னு இருக்கற சாமானையும் பத்தவைக்காதே, அந்தப் புகை இன்னும் மோசம்.
செயின் முன்னும் பின்னுமாத்தான் மடங்கும், பக்கவாட்டுல வளையாது, அதனால பைப்பைச் சுத்தி ஏறாது. முன்ன ஒரு வரிசை, பின்ன ஒரு வரிசை நேரா நிறுத்து. 428-ல ஒரு கண்ணி 12.7 மி.மீ., 30 கண்ணிக்கு 15 இஞ்ச் சரியா வரும்.

பானு அக்கா, 6:33
முதல்ல செயினை டீசல்ல ஊறப்போட்டுத் தேய், அப்புறம் சோப்புத் தண்ணி, அப்புறம் வெயில். ரோலருக்குள்ள கிரீஸ் நின்னா வெல்டிங் பொங்கி, ஓட்டை ஓட்டையா வரும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் கிட்டவே கொண்டுவராதே. வெல்டிங் ஆர்க் பட்டா அது விஷ வாயு ஆகும்.

கார்த்தி, 6:37
ஆம்பியர் எவ்வளவு வைக்க மாமா?

செல்வம் மாமா, 6:44
2.5 எம்எம் ராடு. செயின் தகடு மெல்லிசு, 65-70 போதும். பைப் அடிக்கு 80. ஸ்ப்ராக்கெட் நடு ஓட்டை பைப்பை விட ரொம்பப் பெருசு, அதனால 3 எம்எம் தகட்டுல வட்டம் வெட்டி, நடுவுல 22 மி.மீ. ஓட்டை போட்டு, ஸ்ப்ராக்கெட் மேல வச்சுப் பத்தவை.
பைப்பை அந்த ஓட்டையில நிறுத்தி, சின்னதா ஒரு பொட்டு வெல்டிங் வை. அடுத்த பொட்டு நேர் எதிர்ல. அப்புறம் மத்த ரெண்டு பக்கம். ஒவ்வொண்ணுக்கும் மூலைமட்டம் வச்சுப் பாரு. வெல்டிங் ஆறும்போது சுருங்கும், பைப்பைத் தன் பக்கம் இழுக்கும். ஒரே பக்கம் முழுசா ஓட்டினா விளக்கு சாஞ்சே நிக்கும்.
தண்ணி ஊத்தி ஆற வைக்காதே. செயின், ஸ்ப்ராக்கெட் எல்லாம் கார்பன் கூடின எஃகு, சட்டுனு ஆறினா நொறுங்கும்.

கார்த்தி, 6:46
ஷாக் அப்சார்பர் ஒண்ணு இருக்கு, அதையும் சேர்க்கலாமா?

செல்வம் மாமா, 6:47
தொடாதே. உள்ள எண்ணெயும் அழுத்தமும் இருக்கு, சூடானா வெடிக்கும். மூடின பேரிங்கும் அப்படித்தான். வெல்டிங் முகமூடிக்குக் கண்ணாடி ஷேடு 10, போட்டுக்கப் பருத்தி முழுக்கைச் சட்டை. நைலான் சட்டை வேண்டாம்.

மும்தாஜ் அக்கா, 6:52
நம்ம திருவான்மியூர் உப்புக் காத்துல விடியறதுக்குள்ள துரு மஞ்சளா பூத்துடும். வெல்டிங் மேல படிஞ்ச கசடைத் தட்டி, வயர் பிரஷ் போட்டு, தின்னர்ல துடைச்சு, அன்னிக்கே பூச்சு ஏத்திடு. வெல்டிங் பக்கத்துல நீலமும் பழுப்பும் படர்ந்திருக்கும். அந்த நிறம் அவ்வளவு அழகு, பெயின்ட்ல மூடாதே! மேட் கிளியர் லேக்கர் (பளபளக்காத, நிறமில்லாத பூச்சு) ரெண்டு கை அடி. கண்ணி இடுக்கு விட்டுப்போகும், மெல்லிசு பிரஷ்ல தொட்டு விடு.

பானு அக்கா, 6:58
வெல்டிங் மிஷினை 5 ஆம்பியர் பிளக்ல மாட்டாதே, 15 தான். விளக்குக்கு மூணு கோர் வயர். பச்சை வயரை அடித்தகட்டுல ஸ்க்ரூ போட்டு இறுக்கு, லேக்கருக்கு முன்னாடி அந்த இடத்துல டேப் ஒட்டி வை, பூச்சு இருந்தா எர்த் கிடைக்காது. பைப் ரெண்டு முனையும் அரம் போட்டு ரப்பர் புஷ் மாட்டு, இல்லேன்னா விளிம்பு வயரை அறுத்துடும். பல்பு 9 வாட் எல்இடி.

கார்த்தி, 7:01
நாளைக்குக் கறுப்புப் பைப் வாங்கிடறேன் மாமா. நாலு பொட்டு வச்சதும் மூலைமட்டத்தோட போட்டோ போடறேன், பாத்துட்டுச் சொல்லுங்க. அப்புறம்தான் முழுசா ஓட்டுவேன்.