ஸ்ட்ரெய்ட்லைனிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். சந்தை ஆய்வுக்குப் பயன்படும் சர்வே மென்பொருள் ஒன்றுக்குத் தமிழ் இடைமுகம் செய்துகொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கோப்பைக் கொடுத்தாக வேண்டும். மற்றதெல்லாம் ஓரளவு முடிந்தது. தரவுத் தர அறிக்கைப் பக்கத்தில் ஸ்ட்ரெய்ட்லைனிங் என்ற இடத்தில்தான் நிற்கிறேன்.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். திரையில் ஒரு கட்டம். இடப்பக்கம் பத்து வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே "முழுமையாக ஏற்கிறேன்" முதல் "அறவே ஏற்கவில்லை" வரை ஐந்து வட்டங்கள். 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் வகுத்த அளவுகோலின் வழிவந்தது. பதில் சொல்பவர் முதல் வரியில் இரண்டாவது வட்டத்தைத் தொட்டுவிட்டு, கீழே கடைசி வரை இரண்டாவதையே தொட்டுக்கொண்டு போகிறார். "காத்திருக்கவே நேரவில்லை" என்பதற்கும் "ஏற்கிறேன்". நான்கு வரி தள்ளி "நெடுநேரம் காத்திருந்தேன்" என்பதற்கும் "ஏற்கிறேன்". மென்பொருள் இதைக் கண்டதும் அந்தப் பதிவின் பக்கத்தில் சிவப்புக் குறி போடும். அந்தக் குறிக்குத்தான் பெயர் வேண்டும். இப்போதைக்கு "நேர்கோட்டு விடை" என்று வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

தமிழாசிரியர்:

அம்மா, மனம் ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. நன்னூலார் விடையை எட்டாகப் பிரித்தார். அதில் நேர்விடை என்பது உடன்பட்டுச் சொல்வது, "செய்வாயா?" என்றால் "செய்வேன்" என்பது. பள்ளியிலேயே படித்துவிட்ட சொல்லை வேறு பொருளில் கொண்டுவந்தால் குழப்பம்தான். அதோடு நேர் என்றதும் நேர்மை நினைவுக்கு வரும். கேள்வியைப் படிக்காமல் சொன்ன பதிலுக்கு அந்தப் பெயரா?

நேர்கோடா, நேர்க்கோடா என்று யாரும் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: யரழ ஈற்றின் முன் வல்லினம் வந்தால் அல்வழியில் இயல்பும் உண்டு, மிகலும் உண்டு. இரண்டும் சரி.

என் பரிந்துரை செப்புவழு. "செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்" என்கிறது தொல்காப்பியக் கிளவியாக்கம். கேள்வியிலும் பிழை கூடாது, பதிலிலும் கூடாது என்று இரண்டையும் ஒரே வரியில் சேர்த்தே காக்கச் சொல்கிறார். ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்வியைத் திணித்தால் அது வினாவழு. படிக்காமல் தட்டினால் செப்புவழு. உரையாசிரியர்கள் எழுவகை வழுவில் வைத்து எண்ணிய சொற்கள் இவை. கையில் இருப்பதை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் தேட வேண்டும்?

களப்பணி மேற்பார்வையாளர்:

ஐயா, சொல் அருமை. ஆனால் அந்த இடத்தில் வைக்கக் கூடாது. அறிக்கையைத் திறப்பவருக்கு அன்றைக்குள் நானூறு பதிவுகளைப் பார்த்தாக வேண்டும் என்ற நெருக்கடி இருக்கும். பக்கத்தில் "வழு" என்று எழுதியிருந்தால் அவர் யோசிக்க மாட்டார், நீக்கிவிடுவார். பிழை என்று மென்பொருளே தீர்ப்பு எழுதியது போல ஆகிவிடும்.

எல்லா வாக்கியமும் பாராட்டாகவே எழுதப்பட்ட கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே நிறைவாக இருப்பவர் எல்லாவற்றுக்கும் "ஏற்கிறேன்" என்றுதானே சொல்வார்? அவரைத் தூக்கிவிட்டால் திருப்தியானவர்கள் குறைந்த ஒரு தரவு நம் கையில் மிஞ்சும். ஒரு குறியை மட்டும் பார்த்து நாங்கள் யாரையும் நீக்குவதில்லை. எவ்வளவு நேரம் எடுத்தார், சொந்தச் சொல்லில் எழுதும் திறந்த கேள்வியில் என்ன எழுதினார் என்று பார்ப்போம். டேப்லெட்டில் எடுத்த நேர்காணல் என்றால் ஒலிப்பதிவைக் கேட்போம், மறுபடி அழைத்தும் கேட்போம். சில நேரம் தவறு பதில் சொன்னவரிடம் இருக்காது, வீட்டுப் படியேறாமலே நிரப்பிய பணியாளரிடம் இருக்கும். ஆகவே பெயர் கண்டதைச் சொன்னால் போதும், குற்றம் சாட்ட வேண்டாம். நாங்கள் பேச்சில் "ஒரே கோடு" என்போம். அதையே வையுங்கள்.

புள்ளியியல் விரிவுரையாளர்:

மேற்பார்வையாளர் சொன்னது முக்கியம். மென்பொருள் உள்ளே செய்வதும் அவ்வளவுதான்: கட்டத்துப் பதில்களின் திட்டவிலக்கம், அதாவது அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்ற அளவு, சுழியமா, ஒரே எண் தொடர்ந்து அதிகபட்சம் எத்தனை முறை வந்திருக்கிறது என்று பார்க்கும். ஏன் அப்படி வந்தது என்று அதற்குத் தெரியாது. வேகமாக முடித்தவர்களுக்கும் இதே கதைதான். எல்லோருடைய நேரத்தையும் வரிசைப்படுத்தி நடுவில் வரும் இடைநிலையைக் கண்டு, அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக எடுத்தவரைக் குறிப்பது பலர் கையாளும் வழி. அதுவும் சந்தேகம் மட்டும்தான்.

இதன் பின்னால் இருக்கும் கருத்து சாட்டிஸ்ஃபைசிங். ஹெர்பர்ட் சைமன் 1956இல் முடிவெடுத்தலைப் பற்றி எழுதும்போது கையாண்ட சொல்; ஜான் க்ராஸ்னிக் 1991இல் அதைக் கருத்தாய்வுக்குக் கொண்டுவந்தார். சிறந்ததைத் தேடாமல், போதுமான அளவில் முடித்துக்கொள்வது. கேள்வி கடினமாக இருந்தாலோ, பதில் சொல்பவருக்கு ஆர்வம் இல்லையென்றாலோ இது கூடும். இதற்கும் ஒரு தமிழ்ச் சொல் கிடைத்தால் என் வகுப்புக்கு உதவும்.

தமிழாசிரியர்:

ஒப்பேற்றல். வேறு எதையும் தேடவே வேண்டாம். "எப்படியோ ஒப்பேற்றிவிட்டான்" என்று எல்லோரும் சொல்கிறோமே, அதே சொல். ஒப்பு என்றால் பொருத்தம், இசைவு. முழுப் பொருத்தம் இல்லாததைப் பொருந்தும் நிலைக்கு ஏற்றிவிடுவது ஒப்பேற்றல். ஒப்பு, ஒப்பம், ஒப்பந்தம், ஒப்புரவு என்று இந்தக் குடும்பம் முழுவதையும் பார்த்தால்... சரி, அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

ஸ்ட்ரெய்ட்லைனிங்குக்குச் செப்புவழு வேண்டாம் என்றால் மடக்கு என்ற அணியின் பெயரை வைக்கலாம். ஒரே சொல் அடிதோறும் திரும்ப வரும், ஆனால் ஒவ்வோரிடத்திலும் வேறு பொருள் தரும். திரையிலும் குறி ஒன்றுதான். அது கவனமின்மையா, உண்மையான நிறைவா என்பது பொருள் கொள்பவரைப் பொறுத்தது. மேற்பார்வையாளர் கவலைப்பட்டது இதைத்தானே?

புள்ளியியல் விரிவுரையாளர்:

ஒப்பேற்றலை இன்றே எடுத்துக்கொள்கிறேன் ஐயா, நன்றி. மடக்கு என்றால் என் மாணவர்கள் எதையோ மடித்து வைப்பது என்றுதான் நினைப்பார்கள். அணியிலக்கணம் தெரிந்தவருக்கு மட்டும் விளங்கும் பெயரை ஓர் அறிக்கையில் வைக்க முடியாது. "ஒருநிரல் விடை" எப்படி? கணிதப் பாடநூலில் நிரை கிடைமட்டம், நிரல் செங்குத்து. ஒரே நிரலில் எல்லாக் குறியும்.

நிரலாளர்:

அம்மா, கணினித் தமிழில் நிரல் என்றால் புரோகிராம். மென்பொருளுக்குள் "ஒருநிரல்" என்று பார்த்தால் பயனர் வேறெதையோ நினைப்பார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது பலர் கைபேசியில்தான் பதில் சொல்கிறார்கள். சின்னத் திரையில் கட்டமே வராது. வாக்கியம் ஒவ்வொன்றும் தனித்தனி அட்டையாக வரும். அங்கே கோடும் கிடையாது, நிரலும் கிடையாது. ஆனாலும் இதே குறி விழும். கோட்டை நம்பி வைக்கும் எந்தப் பெயரும் பாதிப் பேருக்குப் பொருந்தாது.

மொழிபெயர்ப்பாளர்:

கட்டம் இல்லாத திரையை நான் யோசிக்கவில்லை. அது கோடு, நிரல் இரண்டையும் தள்ளிவிடுகிறது. "ஒரே தெரிவு" சரியாக வருமா?

நிரலாளர்:

வராது. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் கேள்வி வகைக்கு அதே மென்பொருளில் "ஒற்றைத் தெரிவு" என்று இருக்கிறது. "மாறா விடை" என்று வைக்கலாம்.

களப்பணி மேற்பார்வையாளர்:

விடை வேண்டாம், பதில் என்று இருக்கட்டும். விடை என்றாலே தேர்வு ஞாபகம் வந்துவிடுகிறது. நாங்கள் கதவைத் தட்டியதும் "தப்பாச் சொல்லிட்டா என்ன பண்றது?" என்று கேட்பவர்கள் நிறைய. சந்தை ஆய்வில் சரியான விடை என்று ஒன்று இல்லவே இல்லை. அவர் நினைப்பதுதான் வேண்டும். அந்தப் பயம் போனாலே பாதி ஒப்பேற்றல் குறையும்.

தமிழாசிரியர்:

பதில் அரபு மூலச் சொல்; உருது வழியாக வந்தது. விடை, இறை, செப்பு என்று நமக்கே மூன்று இருக்கும்போது கலைச்சொல்லுக்குள் அதை ஏன் கொண்டுவர வேண்டும்? பேச்சில் இருக்கட்டும், நான் தடுக்கவில்லை. கலைச்சொல் பல தலைமுறைக்கு நிற்க வேண்டியது. ஆய்வுக்கான கேள்விப் பட்டியலுக்கு இலங்கை வழக்கில் வினாக்கொத்து என்று எவ்வளவு அழகாக வைத்திருக்கிறார்கள்!

புள்ளியியல் விரிவுரையாளர்:

வினாக்கொத்து எனக்கும் பிடித்த சொல்தான் ஐயா. ஆனால் இங்கே பதில் என்பதன் பக்கம் நிற்கிறேன். பிறப்பு எங்கே என்பதைவிட, கேட்பவர் மனதில் என்ன எழுகிறது என்பதுதான் இந்தத் துறையில் தரவை மாற்றுகிறது. "மாறாப் பதில்" என்று ஒற்று மிகுந்து எழுதலாம்.

ஒரு தயக்கம் மட்டும். ஒரே ஆளிடம் ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்கும் ஆய்வுகள் உண்டு. அங்கே "மாறாப் பதில்" என்றால் முன்பு சொன்னதையே இப்போதும் சொன்னார் என்று பொருளாகும்.

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. "மாறாப் பதில்" என்றே கோப்பில் இட்டுவிட்டேன். மூன்று பேர் ஆதரவு, வேறு நேரமும் இல்லை. விரிவுரையாளர் சொன்ன குழப்பத்துக்காக, குறிமேல் விரலை வைத்தால் "அடுத்தடுத்த கேள்விகளுக்கு ஒரே தெரிவு. நீக்குமுன் நேரத்தையும் திறந்த கேள்வியையும் பார்க்கவும்" என்று வரும்படி செய்திருக்கிறேன்.

களப்பணி மேற்பார்வையாளர்:

விரல் வைத்தால் வரும் அந்த வரிதான் எனக்கு வேண்டியிருந்தது. பயிற்சி வகுப்பில் நான் ஒரே கோடு என்றுதான் சொல்வேன். பணியாளர்களுக்கு அதுதான் சட்டென்று விளங்குகிறது.

தமிழாசிரியர்:

பெரும்பான்மைக்குக் குறுக்கே நிற்கவில்லை. என் மறுப்பை மட்டும் பதிவில் வையுங்கள்: மாறா விடை என்பதே என் முடிவு. வேகமாக முடிப்பவருக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள், அம்மா? "அவசரக்காரர்" என்று மட்டும் வைத்துவிடாதீர்கள், அதுவும் தீர்ப்புதான்.