தங்க நானோதுகள் வினையூக்கியில் வேகத்தைக் கூட்டுவது ஒளியா, வெப்பமா?

கேள்வி:
ஏறத்தாழ 20 நானோமீட்டர் அளவுள்ள தங்க நானோதுகள்களை வினையூக்கியாகக் கொண்டு, சோடியம் போரோஹைட்ரைடால் பாரா-நைட்ரோஃபீனாலை ஒடுக்கி (அதாவது, எலக்ட்ரான்களை ஏற்கச் செய்து) வருகிறேன். பச்சை எல்இடி ஒளியில் கரைசலின் மஞ்சள் நிறம் இருட்டில் மறைவதைவிட விரைவாக மறைகிறது; 400 நானோமீட்டரில் கரைசல் ஒளியை உறிஞ்சும் முகடு தாழ்வதைக் கொண்டு கணக்கிட்டால், வினைவேக மாறிலி சுமார் 30 விழுக்காடு கூடியுள்ளது. கரைசலின் வெப்பநிலையோ 25 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குத்தான் உயர்ந்தது. இதை ஒளியால் கிளர்ந்த எலக்ட்ரான்களின் விளைவு என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

மறுமொழி 1:
எழுத இடமுண்டு என்றே கருதுகிறேன். இந்த அளவுத் துகள்கள் 520 நானோமீட்டருக்கு அருகே ஒளியை வலுவாக உறிஞ்சும்போது, உலோகத்தின் எலக்ட்ரான்கள் ஒன்றுசேர்ந்து அலைவுறுகின்றன. அந்த அலைவு தணிகையில் உருவாகும் உயர் ஆற்றல் எலக்ட்ரான்கள் மேற்பரப்பில் ஒட்டியுள்ள மூலக்கூறுக்குத் தாவக்கூடும். இருட்டில் ஹைட்ரஜனைப் பிளக்கத் தயங்கும் தங்கத்தின் மீது, அறை வெப்பநிலையிலேயே ஒளியால் அதைப் பிளக்க முடியும் என்று ரைஸ் பல்கலைக்கழகத்தின் நவோமி ஹாலஸ் குழுவினர் 2013-இல் காட்டியிருக்கிறார்கள்.

மறுமொழி 2:
ஹாலஸ் குழுவின் முடிவை இங்கே பொருத்துவது அவசரம், ஏனெனில் நண்பர் எடுத்துக்கொண்ட வினை தங்கத்தின் மீது இருட்டிலேயே நன்றாக நடப்பது. கிளர்வு ஆற்றலை, அதாவது வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடையை, மோலுக்கு 40 கிலோஜூல் என்று வைத்துக்கொண்டு, வேகம் வெப்பநிலையோடு எப்படி மாறும் என்று சொல்லும் அர்ரீனியஸ் சமன்பாட்டில் இட்டுப் பாருங்கள்: இந்த 5 டிகிரி உயர்வு மட்டுமே வேகத்தை 30 விழுக்காடு கூட்டிவிடும். கிளர்ந்த எலக்ட்ரான்கள் சில பிக்கோவினாடிகளுக்குள் தம் ஆற்றலை உலோக அணுக்களின் அடுக்கான அணிக்கோவைக்குக் கொடுத்து விடுவதால், உறிஞ்சிய ஒளியில் பெரும்பகுதி எப்படியும் வெப்பமாகத்தான் முடிகிறது. 2018-இல் தாமிரம்-ருத்தேனியம் துகள்களில் அம்மோனியாவைச் சிதைத்து, அதைக் கிளர்ந்த எலக்ட்ரான்களின் விளைவு என்ற புகழ்பெற்ற ஆய்வும், வெப்பநிலையை அளந்த அகச்சிவப்புக் கேமராவில் கொண்ட உமிழ்திறன் (பரப்பு வெப்பக் கதிரை உமிழும் திறன்) மதிப்பு சரியா என்ற கேள்வியால் அடுத்த ஆண்டே விவாதத்துக்கு உள்ளானது.

கேள்வி கேட்டவர்:
சிவப்பு எல்இடியில் வேகம் கூடவில்லை. அது சான்றாகாதா, ஐயா?

மறுமொழி 2:
ஆகாது. துகள் உறிஞ்சாத நிறத்தில் வெப்பமும் உண்டாகாது அல்லவா? முதலில் இருட்டில் 25 முதல் 40 டிகிரி வரை நான்கைந்து வெப்பநிலைகளில் வேகத்தை அளந்து கோடு வரையுங்கள். பிறகு வெப்பநிலைப்படுத்திய நீர்த்தொட்டியில் கலத்தை வைத்து, நன்கு கலக்கியபடி ஒளியூட்டி, கரைசலுக்குள்ளேயே வெப்பநிலையை அளந்து, அந்தப் புள்ளி கோட்டுக்கு மேலே தெளிவாக விலகி நிற்கிறதா என்று பாருங்கள். போரோஹைட்ரைடு நீரில் தானே சிதையும் என்பதால் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் புதிதாகக் கரைத்துக்கொள்ளுங்கள். கலத்தின் சுவரில் ஒட்டும் ஹைட்ரஜன் குமிழிகளும் அளவீட்டைக் கெடுக்கும்.