கீமோ நடக்கும் பையனை எவ்வளவு ஓட விடலாம்?

மகனுக்கு 9 வயது. ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய், இப்போது மெயின்டெனன்ஸ் கட்டம், அதாவது நோய் திரும்பாமல் இருக்க மருந்து தொடரும் கட்டம். விளையாடலாமா என்று டாக்டரிடம் கேட்டால் "விளையாடட்டும், ஆனால் ஜாக்கிரதை" என்கிறார். மாத்திரைக்கு மில்லிகிராம் கணக்கு எழுதிக் கொடுப்பவர் இதற்கு மட்டும் ஒரே சொல்லோடு முடித்துக்கொள்கிறார். மாமியாரோ படுக்கையை விட்டே இறங்கக் கூடாது என்கிறார். நாலு படி ஏறினால் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிடுகிறான், அப்புறம் ஜன்னலில் நின்று மற்ற பிள்ளைகள் ஆடுவதையே பார்க்கிறான். என்னதான் செய்வது?

பதில் 1
உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம். ஊனமுள்ள பிள்ளைகளுக்கும் அதேதான். தைரியமாக விடுங்கள்.

பதில் 2
60 நிமிடம் போகப்போக எட்ட வேண்டியது, நாளைக்கே எடுத்தவுடன் இல்லை. நான் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். முதல் வாரம் 5 நிமிட நடை, ஒரு நாளைக்கு மூன்று தடவை என்றுகூட ஆரம்பித்திருக்கிறோம். படுத்தே கிடந்தால் தசை கரையும், சோர்வு கூடத்தான் செய்யும், மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். ஒன்று செய்து பாருங்கள்: செருப்பில்லாமல் குதிகாலில் மட்டும் நடக்கச் சொல்லுங்கள். முன்பாதம் தூக்க வரவில்லை, நடக்கும்போது பாதம் தரையில் தொப்பென்று விழுகிறது என்றால் அது சோம்பேறித்தனம் இல்லை, வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து நரம்பைப் பாதித்திருக்கலாம். இடுப்பிலோ முட்டியிலோ விடாத வலி இருந்தால் குதிக்கிற விளையாட்டே வேண்டாம், ஸ்டீராய்டால் எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவதும் உண்டு, டாக்டர் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) குறைந்த நாட்களில் மோதல், விழுதல் உள்ள ஆட்டம் கூடாது. காய்ச்சல் வந்தால் பயிற்சியை மறந்துவிட்டு நேரே மருத்துவமனைக்கு.

பதில் 3
என் மகளுக்குப் பிறவி இதயக் கோளாறு, மூன்று ஆபரேஷன். பள்ளியில் பி.டி. வகுப்பு முழுக்க ஸ்கோர் எழுத வைத்தே இரண்டு வருடம் ஓட்டிவிட்டார்கள், யாருக்கும் பயம், யாரிடமும் காகிதம் இல்லை. கடைசியில் டிரெட்மில் பரிசோதனை செய்து டாக்டர் எழுதியே கொடுத்தார்: வாரம் எத்தனை நாள், எத்தனை நிமிடம், எந்த விளையாட்டு, எப்போது நிறுத்த வேண்டும். வேகத்துக்கு அவர் சொன்ன கணக்கு, ஓடும்போது பேச முடியணும், பாட முடியாமல் இருக்கணும். அவள் பாடிக்கொண்டே ஓடினால் இன்னும் வேகமாகப் போ என்று விரட்டுவேன். நீங்களும் ஜாக்கிரதை என்பதை நம்பரில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கேட்டவர்
குதிகாலில் நடக்க வைத்தேன். இடது பாதம் தூக்குகிறான், வலது விரல்கள் தரையை விட்டு வரவே இல்லை. இத்தனை நாள் செருப்பை இழுக்காதே, ஒழுங்காக நட என்று திட்டிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை கீமோவுக்குப் போகும்போது வீடியோவைக் காட்டப் போகிறேன், வெறும் பேப்பர் ஒன்றும் கையில் எடுத்துப் போகிறேன்.