கேட்சாக் சி பகுதியில் சார்ட் காட்டும் 18 மீட்டரை எவ்வளவு நம்பலாம்?

பாய்மரம்23:
வணக்கம். பேசேஜ் பிளான் (பயணப் பாதைத் திட்டம்) போடுவதில் ஒரு சந்தேகம். பல்க் கேரியர், அகலம் 32.2 மீட்டர், டிராஃப்ட் (கப்பல் நீருக்குள் இருக்கும் ஆழம்) 12.5 மீட்டர், ஈவன் கீல் (முன்னும் பின்னும் ஒரே அளவு), பிளாக் கோ-எஃபிஷியன்ட் (நீருக்கடி உடலின் பருமன் விகிதம்) 0.80. பவளத்தீவுகளுக்கு நடுவே துறைமுகத்தை நெருங்கும் கடைசி 9 மைலும் ஈ.என்.சி.யில் (மின்னணு சார்ட்) கேட்சாக் சி (சர்வேயை எவ்வளவு நம்பலாம் என்று ஏ1 முதல் டி வரை போடும் தரத்தில் சி). பாதையில் குறைந்த ஆழம் 18 மீட்டர். வேகம் 12 நாட் என்று போட்டிருக்கிறேன். கம்பெனி விதிப்படி யூ.கே.சி. (கீல் என்ற கப்பலின் அடிக்கும் கடலடிக்கும் நடுவே உள்ள தண்ணீர்) டிராஃப்டில் 10 சதவீதம் இருக்க வேண்டும். 18-ல் 12.5 போக 5.5 மீட்டர் மிச்சம் என்பதால் தாராளம் என்று நினைத்தேன். கேப்டன் பிளானைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கேட்சாக்குக்கு எவ்வளவு கழிப்பது? சேஃப்டி கான்டூர் (பத்திரமான நீரின் எல்லைக் கோடு) 16 போட்டால் எக்டிஸ் (மின்னணு சார்ட் காட்டும் கருவி) திரையில் பாதை முழுவதும் நீலமாகி அலாரம் ஓயாமல் அடிக்கிறது, 10 போட்டால் அமைதி. அப்படி வைக்கலாமா? சார்ட்டே தப்பாக இருந்தால் பிரிட்ஜில் நின்றுகொண்டு எப்படிக் கண்டுபிடிப்பது?

கலங்கரை:
கேப்டன் திருப்பிக் கொடுத்தது சரிதான் தம்பி. 5.5 மீட்டர் என்பது கப்பல் அசையாமல் நிற்கும்போது, சார்ட் துல்லியமாக இருந்தால் கிடைப்பது. கணக்கை வரிசையாகப் போடுங்கள்.

கேட்சாக் சி-க்கு ஆழத்தின் பிழை 2 மீட்டரும் ஆழத்தில் 5 சதவீதமும். 18 மீட்டருக்கு 2 + 0.9 = 2.9. ஆக, நம்பக்கூடிய ஆழம் 15.1 மீட்டர்தான்.

இனி கப்பலுக்கு எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். ஸ்க்வாட் (ஓடும்போது கப்பல் கூடுதலாக அமிழும் அளவு), திறந்த நீரில் பாரஸ் சூத்திரப்படி பிளாக் கோ-எஃபிஷியன்ட் × வேகத்தின் வர்க்கம் ÷ 100. 12 நாட்டில் 0.80 × 144 ÷ 100 = 1.15 மீட்டர். திருப்பத்தில் 2 டிகிரி சாய்ந்தால் பில்ஜ் பக்கம் (அடிப்பகுதியின் விளிம்பு) பாதி அகலம் 16.1 × சைன் 2 = 0.56 மீட்டர் கீழே போகும். கம்பெனி யூ.கே.சி. 1.25. டிராஃப்டோடு சேர்த்தால் 12.5 + 1.15 + 0.56 + 1.25 = 15.46. இருப்பதோ 15.1. தாராளம் என்று நினைத்த இடத்தில் 36 சென்டிமீட்டர் பற்றாக்குறை. அலையில் கப்பல் ஏறி இறங்குவதை இதில் இன்னும் சேர்க்கவில்லை.

வேகத்தை 8 நாட்டுக்கு இறக்கினால் ஸ்க்வாட் 0.51, மொத்தத் தேவை 14.82. 28 சென்டிமீட்டர் மிஞ்சும். வேகம் வர்க்கத்தில் வருவதால் இங்கே எளிதாகக் கைக்கு வரும் ஆழம் வேகக் குறைப்பில்தான் இருக்கிறது. குறுகிய கால்வாய் என்றால் அதே சூத்திரத்தை இரண்டால் பெருக்குங்கள், அப்போது 8 நாட்டிலும் ஸ்க்வாட் 1 மீட்டரைத் தாண்டும்.

ஓதம் (கடல் ஏற்றவற்றம்) சேர்த்துக்கொள்ளலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஸ்டாண்டர்ட் போர்ட் (ஓத அட்டவணை நேரடியாக உள்ள துறைமுகம்) தொலைவில் இருந்து, செகண்டரி போர்ட் திருத்தம் (அதிலிருந்து கணக்கிடும் வித்தியாசம்) போட்டுத்தான் உயரம் கிடைக்கிறது என்றால் அதைப் பிளானில் வரவு வைக்காதீர்கள். கையிருப்பாக இருக்கட்டும்.

பக்கவாட்டுப் பிழையும் உண்டு. சி என்றால் இடப்பிழை 500 மீட்டர், அதாவது 0.27 மைல். எக்ஸ்.டி.டி. (பாதையிலிருந்து விலக அனுமதிக்கும் தூரம்) 0.1 மைல் என்று வைத்து ரூட் செக் (எக்டிஸின் பாதைச் சோதனை) ஓட்டி, ஆபத்து எதுவும் இல்லை என்று வந்தால் அதற்கு அர்த்தமே கிடையாது. ஆபத்துகளிலிருந்து எடுக்கும் தூரத்தில் அந்த 0.27-ஐக் கூட்டுங்கள்.

முத்துநகர்:
கணக்கு சரி சார். ஆனால் 2.9 கழித்துவிட்டோம், இனி பயமில்லை என்று தம்பி நினைத்துவிடக் கூடாது. அந்த எண் அளந்த புள்ளிகளுக்குத்தான். ஏ1, ஏ2 இரண்டில் மட்டும்தான் கடலடி முழுவதும் தேடப்பட்டிருக்கும். பி-யில் முழுத் தேடல் இல்லை, சார்ட்டில் இல்லாத ஆபத்து இருக்காது என்று எதிர்பார்க்கலாம், உறுதி கிடையாது. சி-யில் ஆழ முரண்கள் இருக்கும் என்றே எதிர்பார்க்கச் சொல்கிறார்கள். டி-க்கு எண்ணே கிடையாது.

பழைய சர்வேயில் வரைபட அளவில் 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வரிவரியாக ஓடி அளப்பது வழக்கம். 1:50,000 அளவில் அது தரையில் 250 மீட்டர். இரண்டு வரிகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. மணல், சேறு என்றால் தரை மெதுவாக ஏறும், எக்கோ சவுண்டர் (ஒலியால் ஆழம் அளக்கும் கருவி) முன்கூட்டியே சொல்லும். பவளம் செங்குத்தாக எழும்பும். எக்கோ சவுண்டர் கீலுக்குக் கீழே உள்ளதைத்தான் சொல்லும், முன்னால் இருப்பதை அல்ல.

சார்ட்டில் கேட்சாக் குறியீட்டில் ஆறு நட்சத்திரம் ஏ1, ஐந்து ஏ2, நான்கு பி, மூன்று சி, இரண்டு டி. ஹோட்டலுக்குப் போடுகிற மாதிரி நட்சத்திரம் போட்டுவிட்டதால் மூன்று என்றால் சுமார் ரகம், பரவாயில்லை என்று தோன்றிவிடுகிறது. பரவாயில்லை என்ற இடம் அதில் கிடையாது.

உடனே செய்ய வேண்டியது: அந்த இடத்தில் கர்சரை வைத்து ஆப்ஜெக்ட் கொயரி (அந்தப் புள்ளியின் விவரம் கேட்பது) போடுங்கள், எம்-குவால் என்ற பதிவு வரும். சர்வே முடிந்த தேதியும் அளந்த முறையும் நிரப்பியிருந்தால் அதில் கிடைக்கும். அங்கே காலியாக இருந்தால் அதே இடத்தின் பேப்பர் சார்ட்டில் உள்ள சோர்ஸ் டயகிராமை (எந்தப் பகுதி எந்த சர்வேயிலிருந்து வந்தது என்று காட்டும் படம்) பாருங்கள்.

சேஃப்டி கான்டூருக்கு வருகிறேன். நீங்கள் 16 என்று போட்டாலும் ஈ.என்.சி.யில் 16 மீட்டர் கோடு இல்லை. எக்டிஸ் அடுத்த ஆழமான கோட்டுக்குத் தாவும். பெரும்பாலும் 20, அதுவும் இல்லாத செல்லில் (ஈ.என்.சி.யின் ஒரு தாள்) 30. உங்கள் பாதை 18-ல் போவதால் 20 கோட்டுக்கு உள்ளே விழுந்து எல்லாம் நீலம். இது கோளாறு இல்லை. 10 என்று வைத்தால் 12.5 டிராஃப்ட் கப்பலுக்கு 11 மீட்டர் தண்ணீரும் பத்திரமானது என்று எக்டிஸிடம் சொல்லிவிட்டீர்கள். அலாரம் எரிச்சலாக இருக்கிறது என்பதற்காகச் செய்யும் வேலையில் இதைவிட மோசமானது ஒலியை அணைப்பதுதான். 2013-ல் டோவர் நீரிணையில் ஓவிட் என்ற டேங்கர் வார்ன் மணல்திட்டில் ஏறியது. பாதையே திட்டின் மேல் போடப்பட்டிருந்தது, எக்டிஸின் ஒலி அலாரமும் வேலை செய்யவில்லை. சார்ட் அங்கே சரியாகவே இருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது: கான்டூரைக் கணக்குப்படி வையுங்கள், திரை நீலமாகவே இருக்கட்டும். சேஃப்டி டெப்த்தைத் தனியாக, 8 நாட்டுக்கு 17.8 என்று வையுங்கள் (0.95 × ஆழம் = 14.82 + 2 என்று போட்டால் 17.7-க்குச் சற்று மேல் வரும், அதை மேலே ஏற்றி 17.8). அதற்குக் குறைவான எண்கள் தடித்த கறுப்பில் தெரியும். பாதையின் இருபுறமும் மேனுவல் லேயரில் (கையால் குறிக்கும் அடுக்கு) நோ-கோ ஏரியா (போகக் கூடாத பகுதி) வரைந்து, அதற்கு அலாரம் கொடுங்கள். ஆழம் குறைந்த நீரிலும் ஐசோலேட்டட் டேஞ்சர் (தனித்து நிற்கும் ஆபத்து) காட்டும் தேர்வு மறைந்து கிடக்கும், அதையும் ஆன் செய்யுங்கள்.

திசைமானி:
மூன்றாவது கேள்விக்கு என் பங்கு. சார்ட்டையே குறை சொல்லும் முன், நீங்கள் பார்ப்பது எந்த அளவு (ஸ்கேல்) சார்ட் என்று பாருங்கள். செல் பெயரில் இரண்டு எழுத்துக்குப் பின் வரும் எண் உபயோக நிலை. 1 ஓவர்வியூ, 2 ஜெனரல், 3 கோஸ்டல், 4 அப்ரோச், 5 ஹார்பர், 6 பெர்த். ஜெனரல் செல்லில் திட்டு சுருங்கிவிடும் அல்லது காணாமலே போகும். திரையில் செங்குத்துக் கோடுகள் விழுந்தால் ஓவர்ஸ்கேல், அதற்கு மேல் ஜூம் செய்தாலும் புது விவரம் வராது.

2014 நவம்பரில் மொரிஷியஸுக்கு வடக்கே கார்கடோஸ் கராஜோஸ் திட்டில் வோல்வோ ஓஷன் ரேஸ் படகு ஒன்று இரவில் ஏறியது. மின்னணு சார்ட்டைப் போதுமான அளவு ஜூம் செய்து பார்க்கவில்லை. 2020 ஜூலை 25-ல் வகாஷியோ என்ற கப்பல் மொரிஷியஸ் கரைக்கு நெருக்கமாகப் பாதையை மாற்றிக்கொண்டு தரைதட்டி, சுமார் 1,000 டன் எண்ணெய் கசிந்தது. அதிலும் போதிய அளவு சார்ட் இல்லாமல் போனது ஒரு காரணம்.

சார்ட்டே தப்பு என்பதற்கு 2013 ஜனவரி 17 உதாரணம். அமெரிக்கக் கடற்படையின் கார்டியன் என்ற கண்ணிவாரிக் கப்பல் பிலிப்பைன்ஸின் சுலு கடலில் துப்பதாஹா பவளப்பாறையில் ஏறியது. அவர்களுடைய டிஜிட்டல் கோஸ்டல் சார்ட் பாறையைச் சுமார் 8 மைல் தள்ளிக் காட்டியது. ஆனால் வேறு சார்ட்களில் பாறை சரியான இடத்தில் இருந்தது. இரண்டும் முரண்படுகின்றன என்பதை யாராவது கவனித்திருந்தால் கப்பலை வெட்டி எடுக்கும் நிலை வந்திருக்காது. ஒரே பகுதியின் இரண்டு அளவு சார்ட்களை அருகருகே வைத்து, ஆபத்துகளின் அட்ச தீர்க்க ரேகை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது பத்து நிமிட வேலை.

கடலில் நின்று சோதிக்க ராடார் ஓவர்லே போடுங்கள். கரையின் எதிரொலி சார்ட்டோடு பொருந்தாவிட்டால் எப்படிப் பொருந்தவில்லை என்று பாருங்கள். கப்பலை மையமாக வைத்துச் சுழன்றிருந்தால் கைரோ (திசைகாட்டி) பிழை. எல்லாம் ஒரே திசைக்கு நகர்ந்திருந்து, கப்பல் திரும்பினாலும் அதே திசையில் நகர்ந்தே நின்றால் சார்ட்டின் டேட்டமோ (அட்ச தீர்க்க ரேகைக்கான அடிப்படை) ஜி.பி.எஸ். நிலையோ தப்பு. கப்பல் திரும்பும்போது பிழையும் சேர்ந்து திரும்பினால் ஜி.பி.எஸ். ஆன்டெனாவின் தூரத்தை எக்டிஸில் தப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். ஈ.என்.சி. எல்லாம் டபிள்யூ.ஜி.எஸ். 84-ல் (ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டேட்டம்) இருந்தாலும், பழைய சர்வேயின் டேட்டம் தெரியாமல் மாற்றிய இடங்களில் பாறை நகர்ந்தே கிடக்கும். அங்கே ஜி.பி.எஸ். கொடுக்கும் மீட்டர் துல்லியத்தால் பயனில்லை, தீவிலிருந்து பேரலல் இண்டெக்ஸ் (ராடாரில் தீவுக்கு உள்ள தூரத்தைக் கோடு போட்டுக் காப்பது) போட்டு ஓட்டுங்கள்.

இன்னொன்று, டி அண்ட் பி நோட்டீஸ் (சார்ட்டுக்கான தற்காலிக, முதற்கட்ட அறிவிப்புகள்). எல்லா நாட்டு ஈ.என்.சி.யிலும் அவை ஏறுவதில்லை. சி.எம்.ஏ. சி.ஜி.எம். லிப்ரா என்ற கன்டெய்னர் கப்பல் 2011-ல் சீனாவின் சியாமெனை விட்டு வெளியே வரும்போது தரைதட்டியது. கால்வாய்க்கு வெளியே சார்ட்டில் உள்ளதைவிடக் குறைந்த ஆழங்கள் உண்டு என்று முன்பே நோட்டீஸ் வந்திருந்தது. பேசேஜ் பிளானிலும் சார்ட்டிலும் அதைக் குறிக்கவில்லை. அந்தக் குறையே கப்பலைக் கடல்பயணத்துக்குத் தகுதியற்றதாக ஆக்கியது என்று 2021-ல் பிரிட்டன் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. ஆகவே நோட்டீஸில் வந்ததைக் கையாலேயே சார்ட்டில் எழுதுங்கள். செகண்ட் ஆபீசரின் பென்சில் குறி நீதிமன்றம் வரை போகும்.

பாய்மரம்23:
நன்றி சார். எம்-குவால் போட்டேன். சர்வே 1950களில், லெட் லைன் (ஈயக்குண்டு கட்டிய கயிறு) முறை. செல் கோஸ்டல், அதாவது 3. அப்ரோச் செல் நம் பெர்மிட்டில் (வாங்கிய சார்ட்களின் உரிமம்) இல்லை. பகலில் போனால் ராடாரும் கண்ணும் போதுமா?

கலங்கரை:
பெர்மிட்டில் இல்லை என்றால் முதலில் வாங்குங்கள். 4 வெளியாகியிருந்தும் 3-ஐ வைத்து 12.5 டிராஃப்டில் உள்ளே போவதை எந்த இன்ஸ்பெக்டரும் ஏற்கமாட்டார், நானும் ஏற்கமாட்டேன். 4 வெளியாகவே இல்லை என்றால் உள்ளூர் அரசின் பேப்பர் சார்ட் உண்டா என்று விசாரியுங்கள்.

தண்ணீருக்கு அடியில் இருக்கும் பாறை ராடாரில் தெரியாது. சூரியன் உயரத்தில் முதுகுக்குப் பின்னால் இருந்தால் பவளத்தின் நிறம் பிரிட்ஜிலிருந்து தெரியலாம், ஆனால் 3 மீட்டரில் இருப்பதுதான் தெரியும், 12-ல் இருப்பது தெரியாது. ஏஜென்ட்டுக்கு இன்றே எழுதி, துறைமுகத்தின் கடைசி சர்வே தேதியையும் கடந்த ஓராண்டில் வந்த கப்பல்களின் அதிகபட்ச டிராஃப்டையும் கேளுங்கள். பைலட் எங்கே ஏறுகிறார் என்பதும் முக்கியம். அவர் ஏறும் இடம் வரை 9 மைலும் உங்கள் பொறுப்பு. முந்தைய கப்பல்கள் 11-க்கு மேல் வந்ததில்லை என்று பதில் வந்தால் சார்ட்டரரிடம் (கப்பலை வாடகைக்கு எடுத்தவர்) சரக்கைக் குறைக்கச் சொல்லும் பேச்சு லோடிங் துறைமுகத்திலேயே முடிந்தாக வேண்டும்.

பழைய சர்வேயும் ஸ்க்வாட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் குவீன் எலிசபெத் 2 என்ற பயணிகள் கப்பல் இருக்கிறது. 1992 ஆகஸ்டில் மாசசூசெட்ஸில் கட்டிஹங்க் தீவுக்கு அருகே, சுமார் 25 நாட்டில், 1939 சர்வேயை வைத்துப் போட்ட சார்ட்டில் போய்ப் பாறையில் இடித்தது. பைலட் கப்பலில் இருந்தார். வேகமும் ஆழமும் யூ.கே.சி.யை எப்படிப் பாதிக்கும் என்ற தகவல் கப்பலில் போதுமானதாக இல்லை என்று விசாரணையில் வந்தது. உங்கள் வீல்ஹவுஸ் போஸ்டரில் (பிரிட்ஜில் ஒட்டிய கப்பல் விவரத் தாள்) ஸ்க்வாட் அட்டவணை இருக்கும், பாரஸ் எண்ணோடு ஒப்பிட்டுப் பெரியதை எடுங்கள்.

முத்துநகர்:
உள்ளே போகும்போது எக்கோ சவுண்டரைப் பதிவு ஓடவிடுங்கள். கீலுக்குக் கீழே என்று காட்டுகிறதா, நீர்மட்டத்திலிருந்தா என்று முதலில் உறுதி செய்யுங்கள், 12.5 டிராஃப்டில் இந்தக் குழப்பம் பெரிய தப்பில் முடியும். சார்ட்டைவிட ஆழம் குறைந்து வந்தால் பிரிட்டிஷ் ஹைட்ரோகிராபிக் அலுவலகத்தின் எச்.102 படிவத்தில் அனுப்புங்கள். அட்ச தீர்க்க ரேகை, டேட்டம், யூ.டி.சி. நேரம், அப்போதைய டிராஃப்ட், சவுண்டர் பதிவின் படம், செல் எண், அதன் கடைசி அப்டேட் எல்லாம் வேண்டும். ஓதத்தை நீங்களே கழித்துவிடாமல் அளந்த ஆழத்தை அப்படியே கொடுங்கள், திருத்தத்தை அவர்கள் போட்டுக்கொள்வார்கள்.