மானிட்டரில் மஞ்சள் ஏறியிருக்கிறது, ரெசல்யூஷனும் 1024×768-க்கு இறங்கிவிட்டது: புதிது வாங்கத்தான் வேண்டுமா?

குளச்சல் ஸ்டுடியோ (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். குளச்சலில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், சிறிய போட்டோ ஸ்டுடியோ நடத்தி வருகிறேன். திருமண ஆல்பம் வடிவமைப்பதுதான் முக்கியமான வேலை. என்னிடம் இருப்பது 22 அங்குல மானிட்டர். அதற்குரிய ரெசல்யூஷன், அதாவது திரையின் அகலத்திலும் உயரத்திலும் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை, 1920×1080. வாங்கிய நாளிலிருந்து ஏழு ஆண்டுகளாக கணினியோடு அதை இணைக்கும் ஒரே விஜிஏ கேபிளில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனி மாத மழை தொடங்கியபோது திரையில் இலேசாக மஞ்சள் ஏறியது. படங்கள் எடுத்த விதத்தில்தான் கோளாறு என்று எண்ணி, ஓர் ஆல்பம் முழுவதற்கும் நீலத்தைக் கூட்டி வைத்து அச்சுக்கு அனுப்பிவிட்டேன். அச்சாகி வந்த ஆல்பத்தைத் திறந்ததும் மனம் ஒடிந்துபோனது. மாப்பிள்ளையின் வேட்டி, சொட்டு நீலத்தை அளவு தெரியாமல் ஊற்றி அலசியதைப் போல இருந்தது. அந்தக் குடும்பத்தார் ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

சென்ற வாரம் திரை ஒருமுறை அணைந்து மீண்டும் எரிந்தது. அதன் பிறகு எழுத்துகள் பெரிதாகி, முகங்கள் அகன்று, மணமகளின் வட்டப் பொட்டு கோழிமுட்டை வடிவில் தெரிகிறது. டிஸ்பிளே செட்டிங்ஸில் 1024×768-க்கு மேல் எந்தத் தெரிவும் இல்லை. மானிட்டரின் பெயர் இருந்த இடத்தில் ‘ஜெனரிக் நான்-பிஎன்பி மானிட்டர்’ (அடையாளம் தெரியாத ஏதோ ஒரு மானிட்டர்) என்று வருகிறது. கிராபிக்ஸ் டிரைவரை நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவியும் பயனில்லை. நான் காட்டிய கடையில், பேனல் (படம் தெரியும் பலகை) போய்விட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஆவணி முகூர்த்தங்கள் தொடங்குமுன் வைகாசித் திருமணங்களின் இரண்டு ஆல்பங்களை முடித்துக் கொடுத்தாக வேண்டும். பணத்தைப் போடுவதற்கு முன் நான் எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வள்ளியாறு (மறுமொழி):

விண்டோஸில் ‘நைட் லைட்’ என்ற வசதி தானாக இயங்கிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று மாலையானதும் திரையை மஞ்சளாக்கும் வசதி அது. என் வீட்டில் பிள்ளைகள் அதைப் போட்டு வைத்ததை அறியாமல் இரண்டு நாள் நான் திண்டாடியிருக்கிறேன்.

வேளிமலை (மறுமொழி):

ஸ்டுடியோ அண்ணாச்சிக்கு வணக்கம். தக்கலையில் நெடுங்காலமாகக் கணினி பழுது பார்த்து வருகிறேன். நைட் லைட்டைப் பார்ப்பது நல்லதுதான், அரை நிமிட வேலை. ஆனால் அது ரெசல்யூஷனைத் தொடாது. நிறமும் ரெசல்யூஷனும் அடுத்தடுத்துக் கெட்டிருப்பதால் என் சந்தேகம் முழுவதும் கேபிளின் மீதுதான். பேனல் கெட்டுப்போனால் கோடு விழும், ஓரிடம் கறுக்கும், வெளிச்சம் மங்கும். ஆனால் மானிட்டரின் பெயரைக் கணினி மறந்துபோவதற்குப் பேனல் காரணமாக முடியாது.

இரண்டு சோதனைகளைச் செய்து பாருங்கள். இரண்டுக்கும் ஒரு பைசாகூடச் செலவில்லை. இப்போது தெரியும் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை உங்கள் கைப்பேசிக்கு அனுப்பிப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் என்பது கணினியின் உள்ளே உருவாகும் படம். கேபிள் வழியாகவோ மானிட்டர் வழியாகவோ வந்ததன்று. கைப்பேசியில் வெள்ளை வெள்ளையாகவே தெரிந்தால், உங்கள் கோப்பும் மென்பொருளும் குற்றமற்றவை. அடுத்து, மானிட்டரின் கீழ்ப்பக்கம் இருக்கும் பொத்தானை அழுத்தி அதனுடைய சொந்த மெனுவை வரவழையுங்கள். அந்த மெனுவை வரைவது மானிட்டர்தான். கணினிக்கு அதில் பங்கே இல்லை. சுற்றிலும் படம் மஞ்சளாக இருக்கும்போதே மெனுவின் வெள்ளை எழுத்து பளிச்சென்று வெள்ளையாக இருந்தால், பேனல் நலமாக இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

ஏன் கேபிள் என்கிறேன் என்றால், 1987-இல் ஐபிஎம் நிறுவனத்தின் பிஎஸ்/2 கணினிகளோடு வந்த இந்த விஜிஏ இணைப்பில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பிகளில்தான் வருகின்றன. பூஜ்யத்திலிருந்து 0.7 வோல்ட் வரையிலான மிகச் சிறிய மின்னழுத்தம்தான் ஒவ்வொரு நிறத்தின் அளவையும் தீர்மானிக்கிறது. பிளக்கில் ஐந்தைந்தாக மூன்று வரிசைகளில் பதினைந்து பின்கள் இருக்கும். முதல் வரிசையின் நடுப் பின், எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் மூன்றாவதாக வருவது, நீலத்துக்கு உரியது. அதில் களிம்பு பிடித்தால் நீலம் பலவீனமாகிவிடும். சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள்தானே. ஆகவே வெள்ளை முழுவதும் மஞ்சளாகிறது. மஞ்சள் ‘ஏறியது’ என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் அங்கே நீலம் இறங்கியிருக்கிறது. நீங்கள் அறியாமல் கூட்டி வைத்த நீலம் அச்சில் அப்படியே வெளிப்பட்டுவிட்டது.

ரெசல்யூஷன் இறங்கியதும் அதே பிளக்கில் நடந்த காரியமாகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு மானிட்டரின் உள்ளேயும் சிறிய சிப் ஒன்றில் அதன் பெயர், அளவு, ஏற்கக்கூடிய ரெசல்யூஷன்கள் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். இடிஐடி என்பார்கள், அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட்தான். கணினி அதைப் படித்துத்தான், எதிரில் இருப்பது 1920×1080 மானிட்டர் என்று தெரிந்துகொள்கிறது. அந்தத் தகவல் வருவது கடைசி வரிசையில் உள்ள 12, 15 ஆகிய இரு பின்கள் வழியாக. அவற்றில் ஒன்று வளைந்தாலும் உள்ளே அமுங்கினாலும் கணினிக்கு மானிட்டர் யாரென்றே தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று 1024×768-இல் நின்றுகொள்ளும். நான்குக்கு மூன்று என்ற அந்தப் படத்தைப் பதினாறுக்கு ஒன்பது என்ற உங்கள் திரை இழுத்து நிரப்பும்போது அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. பொட்டு முட்டையானது அதனால்தான்.

கணினி, மானிட்டர் இரண்டையும் அணைத்துவிட்டு, கேபிளைக் கழற்றி, கைப்பேசி விளக்கில் பிளக்கின் உட்புறத்தைப் பாருங்கள். நடு வரிசையில் ஒரு பின் இல்லாமல் இருந்தால் பதற வேண்டாம். ஒன்பதாம் எண் பின் பல கேபிள்களில் தயாரிப்பிலேயே இருக்காது. பச்சைத் தூள் தெரிந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மெல்லிய தூரிகையில் தொட்டுத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், தூசியை எல்லாம் அது இழுத்து வைத்துக்கொள்ளும். மானிட்டரின் பின்மூடியைத் திறக்கவே வேண்டாம். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

குளச்சல் ஸ்டுடியோ:

வேளிமலை அண்ணனுக்கு மிக்க நன்றி. எழுதியபடியே ஒவ்வொன்றாகச் செய்தேன். நைட் லைட் அணைந்துதான் இருந்தது. ஸ்கிரீன்ஷாட் கைப்பேசியில் சரியாக இருக்கிறது. மானிட்டரின் மெனுவை வரவழைத்தபோது, மஞ்சள் பூத்த படத்தின் நடுவே அதன் எழுத்துகள் தும்பைப் பூவைப் போல வெள்ளையாகத் தெரிந்தன. இத்தனை நாள் கண்முன்னே இருந்தும் இதைக் கவனிக்கவில்லையே என்று தோன்றியது.

கணினிப் பக்கத்துப் பிளக்கில் நீங்கள் சொன்ன நடுப் பின்னின் அடியில் பச்சைக் களிம்பு. கடைசி வரிசையின் ஓரப் பின் உள்ளே அமுங்கிக் கிடக்கிறது. நகத்தால் தொட்டால் ஆடுகிறது. ஸ்டுடியோவைக் கூட்டும்போதெல்லாம் மேசையை நகர்த்துவதால் கேபிள் இழுபட்டிருக்கும் என்று நினைக்கிறேன். கணினி இருப்பது கடல் பக்கத்து ஜன்னலை ஒட்டி. ஆனி, ஆடியில் அந்த ஜன்னல் கம்பியே துருப்பிடித்து உதிர்கிறது.

துடைத்து மாட்டியதும் நிறம் திரும்பிவிட்டது. ரெசல்யூஷன் மட்டும் திரும்பவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து வேறொரு கேபிளை இரவல் வாங்கி மாட்டினேன். மாட்டிய நொடியில் மானிட்டரின் பெயர் வந்தது, 1920×1080-உம் வந்தது. பழைய கேபிளை எடுத்து வைத்துவிட்டு, கணினியிலும் மானிட்டரிலும் எச்டிஎம்ஐ துளை இருப்பதால் எச்டிஎம்ஐ கேபிளே வாங்கி வந்தேன். ஆனால் இப்போது வேறு குறை. கறுப்பு கறுப்பாக இல்லை, சாம்பல் பூசியது போல வெளிறித் தெரிகிறது. படத்தின் நான்கு ஓரங்களும் சிறிது வெட்டுப்பட்டு, கீழே டாஸ்க்பார் பாதி மறைந்துவிட்டது. எழுத்தும் கலங்கலாக இருக்கிறது. விஜிஏ-வே பரவாயில்லை என்று திரும்பிவிடலாமா?

பழையாறு (மறுமொழி):

திரும்ப வேண்டாம். நாகர்கோவிலில் அச்சகம் ஒன்றில் பக்க வடிவமைப்புச் செய்கிறேன். எங்களிடமும் எச்டிஎம்ஐ-க்கு மாறிய முதல் நாளில் இதே மூன்று குறைகளும் வந்தன. மூன்றுக்கும் மூலம் ஒன்றுதான்: எச்டிஎம்ஐ தொலைக்காட்சியை மனத்தில் வைத்து உருவான இணைப்பு. ஆகவே எதிரில் இருப்பது டிவி என்று கணினியும், வருவது டிவி படம் என்று மானிட்டரும் சில நேரங்களில் நினைத்துக்கொள்கின்றன.

கணினியில் ஒவ்வொரு நிறமும் 0 முதல் 255 வரை அளக்கப்படுகிறது. தொலைக்காட்சி வழக்கத்தில் கறுப்பு 16-இல் தொடங்கி வெள்ளை 235-இல் முடிகிறது. கணினி டிவி அளவில் அனுப்ப, மானிட்டர் அதைக் கணினி அளவாக எடுத்துக்கொண்டால், கறுப்பு என்று வரும் 16 அடர்சாம்பலாகத்தான் தெரியும். கிராபிக்ஸ் டிரைவரின் செட்டிங்ஸில் ‘டைனமிக் ரேஞ்ச்’ அல்லது ‘குவாண்டைசேஷன் ரேஞ்ச்’ என்று இருக்கும் இடத்தில் ‘ஃபுல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே நிற வடிவம் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். 4:2:2, 4:2:0 என்ற எண்களுள் ஏதாவது இருந்தால், நிறத் தகவலின் ஒரு பகுதியைக் கழித்துவிட்டு அனுப்புகிறது என்று பொருள். திரைப்படம் பார்க்க அது போதும், கறுப்பின் மீது சிவப்பில் எழுதிய மணமக்கள் பெயர் கலங்கிவிடும்.

ஓரம் வெட்டுப்படுவதை ஓவர்ஸ்கேன் என்பார்கள். அதை மானிட்டரின் மெனுவில்தான் நிறுத்த வேண்டும். படத்தின் அளவு என்ற இடத்தில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘1:1’, ‘பிசி மோட்’ என்று கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அது சரியானால் எழுத்தின் கலங்கலும் பெரும்பாலும் தீர்ந்துவிடும். 1920×1080 என்பது 20,73,600 புள்ளிகள். கணினி அனுப்பும் ஒரு புள்ளி திரையின் ஒரு புள்ளியில் அப்படியே உட்கார்ந்தால்தான் எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். எழுத்து சிறிதாகத் தோன்றினால் ரெசல்யூஷனைக் குறைக்காமல், எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேலிங்கை 125 விழுக்காடாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அச்சைப் பற்றி. திரை சரியானதும் நிறமும் சரி என்று ஆகிவிடாது. மானிட்டர் மெனுவில் எஸ்ஆர்ஜிபி (கணினித் திரைகளுக்கான பொதுவான நிறத் தரம்) நிலை இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நிற வெப்பநிலையை 6500 கெல்வினில் நிறுத்துங்கள். வெளிச்சத்தை வாங்கி வந்தபடி உச்சத்தில் விடாதீர்கள். ஆல்பம் இருட்டாக அச்சாகிறது என்ற பெரும்பாலான குறைகளுக்கு, அளவுக்கு மீறி ஒளிரும் மானிட்டர்தான் காரணம். நிறத்தை அளக்கும் கருவி இருந்தால் நல்லது. இல்லாத நிலையில் நான் செய்வதைச் சொல்கிறேன். தோவாளை மாணிக்க மாலையின் படம் ஒன்றை எடுத்து, நிறத்தில் கை வைக்காமல், ஆல்பம் அச்சிடும் இடத்திலேயே ஒரு பிரதி போட்டு வாங்கி வைத்திருக்கிறேன். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலையின் பச்சை மூன்றும் அந்த ஒரே மாலையில் அருகருகே மடிந்து கிடக்கும். அந்தப் பிரதியைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அதே படத்தைத் திரையில் திறந்து, வெள்ளை அரளி இரண்டிலும் ஒன்றாகத் தெரியும் வரை வெளிச்சத்தைக் குறைப்பேன். மஞ்சளோ நீலமோ சிறிது ஏறினாலும் முதலில் அந்த வெள்ளைப் பூதான் காட்டிக்கொடுக்கும். பகல் வெளிச்சம் நேராகத் திரையில் விழாத இடத்தில் இதைச் செய்யுங்கள். எப்படியும் அந்தக் கடல் பக்கத்து ஜன்னலிலிருந்து கணினியை நகர்த்தத்தானே வேண்டும்.

இன்னொன்று. சில நாள் கழித்து, மற்ற இடமெல்லாம் சரியாக இருந்து, படம் காட்டும் மென்பொருள் ஒன்றில் மட்டும் வெள்ளை மஞ்சளானால், அது கேபிள் கோளாறு அன்று. மானிட்டருக்கென்று விண்டோஸ் தானாக ஏற்றிக்கொண்ட கலர் புரொஃபைல், அதாவது மானிட்டரின் நிறத் தன்மையைச் சொல்லும் கோப்பு, பிழையாக இருக்கும். கலர் மேனேஜ்மென்ட் பகுதியில் அதை நீக்கிவிட்டு எஸ்ஆர்ஜிபி புரொஃபைலை வைத்தால் போதும்.

வேளிமலை:

பழையாறு சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எச்டிஎம்ஐ பிளக்கிலும் உப்புக் காற்று வேலை செய்யும். ஆனால் அது டிஜிட்டல் என்பதால் நிறம் மெல்ல மங்காது. திரையில் பொரிப் பொரியாகப் புள்ளிகள் தெறிக்கும், அல்லது படம் விட்டுவிட்டு வரும். அப்படி வந்தால் முதலில் பிளக்கைப் பாருங்கள். மேசையை நகர்த்தும்போது இழுபடாத அளவுக்குக் கேபிளைத் தளர்வாக விட்டு, மேசைக் காலோடு கட்டி வையுங்கள்.

குளச்சல் ஸ்டுடியோ:

இருவருக்கும் நன்றி சொல்ல வார்த்தை இல்லை. டிரைவரில் ‘லிமிடெட்’ என்றுதான் இருந்தது. ‘ஃபுல்’ ஆக்கியதும் மணமகளின் கூந்தல் கறுப்பாகத் திரும்பியது. மானிட்டர் மெனுவில் ‘பிசி மோட்’ வைத்த பிறகு டாஸ்க்பார் முழுதாகத் தெரிகிறது, எழுத்தும் தெளிந்துவிட்டது. மேசையை உள்சுவர்ப் பக்கம் மாற்றிவிட்டேன். தோவாளைக்குப் போய் மாலையைப் படமெடுத்து, நேற்றே பிரதி போட்டு வாங்கினேன். வெளிச்சத்தை 90-இலிருந்து 35-க்குக் குறைத்த பிறகுதான் வெள்ளை அரளி இரண்டிலும் ஒத்து வந்தது.

கெட்டுப்போன ஆல்பத்தில் நீலத்தைத் தனி அடுக்கில்தான் கூட்டியிருந்தேன். அந்த அடுக்கை எடுத்துவிட்டதும் மூலப்படங்கள் பழுதில்லாமல் கிடைத்துவிட்டன. நாற்பது பக்கங்களையும் என் செலவில் மறுபடி அச்சிடக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கைக்கு வந்ததும், பழைய ஆல்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, புதியதை நானே அவர்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பேன்.