வெனிஸ் முதல் பயணம்: எந்தப் பக்கம் ரூம் போடுவது?

நங்கநல்லூர்
அக்டோபர் கடைசியில் வெனிஸ் போகிறோம். அப்பா அம்மாவோடு நான்கு பேர். துபாய் வழியாக மார்க்கோ போலோ ஏர்போர்ட்டில் இறங்குகிறோம். விசா விண்ணப்பத்தோடு வைக்க ஓட்டல் புக்கிங் வேண்டும். சான் மார்க்கோ சதுக்கத்தை ஒட்டிப் போடுவதா, குறைந்த விலைக்குத் தரைப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேயில் போடுவதா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மயிலாப்பூர்
முழங்கால் வலின்னு சொல்லிட்டீங்க, அப்போ சதுக்கம் எவ்வளவு தூரம்னு பார்க்கிறதை விடுங்க. இறங்குற படகுத்துறையிலிருந்து ஓட்டல் வாசல் வரைக்கும் எத்தனை பாலம்னு எண்ணுங்க. ஊர் நுழைவில் இருக்கிற பியாத்சாலே ரோமா சதுக்கத்தோட கார், பஸ், டாக்ஸி எல்லாம் முடிஞ்சுது. அதுக்கு அப்புறம் நடை, இல்லேன்னா படகு. ஊருக்குள்ள 400க்கு மேல பாலம். பெரும்பாலும் படிக்கட்டுதான், அடியில படகு போகணும்ங்கிறதால நடுவுல தூக்கலா இருக்கும். மேப்பில் 'ஐந்து நிமிட நடை'ன்னு காட்டுற தூரத்துல மூணு பாலம் இருந்தா, 23 கிலோ பெட்டியை மூணு தடவை தூக்கி ஏத்தி இறக்கணும்.

என் சிபாரிசு பழைய நகரத்துல இருக்கிற கன்னரெஜோ வட்டாரம். சாந்தா லூச்சியா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து இடது கைப் பக்கமா போனா லிஸ்தா தி ஸ்பான்யா. குலியே பாலம் வரைக்கும் சமதரை. அந்தப் பாலத்துக்கு முன்னாடியே நிறைய ஓட்டல் இருக்கு. ஆனா தெருவைப் பார்த்த அறைன்னா பெட்டிச் சக்கரச் சத்தம் விடியற்காலையிலேயே ஆரம்பிச்சிடும், உள்பக்க அறையா கேளுங்க. பாலம் தாண்டினதும் நிஜமான குடியிருப்புப் பகுதி வந்துடும், காய்கறிக் கடை, பேக்கரி எல்லாம் உண்டு.

முகவரியில் தெருப் பெயரே இல்லாம வட்டாரப் பேரும் நாலு இலக்க எண்ணும் மட்டும் இருக்கும். ஒரு வட்டாரம் முழுசுக்கும் ஒரே எண் வரிசை, அடுத்த எண் அடுத்த சந்துல கூட இருக்கலாம். ஒடுக்கமான சந்துகள்ல ஜிபிஎஸ்ஸும் தடுமாறும். பணம் கட்டறதுக்கு முன்னாடியே மூணு கேள்வி எழுதிக் கேட்டுடுங்க: கிட்ட இருக்கிற படகுத்துறை பேர் என்ன, அங்கிருந்து எத்தனை பாலம், அறைக்கு லிஃப்ட் உண்டா. மூணாவது கேள்விக்கு மட்டும் பதில் வரலைன்னா லிஃப்ட் இல்லைன்னு எடுத்துக்கலாம்.

வேளச்சேரி
மெஸ்த்ரே கணக்கை முழுசா போட்டுப் பாருங்க சார். ரயில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான், டிக்கெட்டும் ஒன்றரை யூரோ வாக்கில்தான். ஆனா சாந்தா லூச்சியாவில் இறங்கினா சதுக்கம் இன்னும் அரை மணி நேர நடை, நடுவுல பாலங்கள். அம்மா நடக்க முடியாது, படகுதான். வாப்பரெட்டோ, அதாவது ஊர்ப் படகு பஸ், ஒரு டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். நாள் டிக்கெட் 25 யூரோ, நாலு பேருக்கு 100. அந்த நாள் டிக்கெட்ல மெஸ்த்ரே பஸ்ஸும் டிராமும் அடங்கும், ரயில் அடங்காது. சதுக்கத்துக்கு நடந்து போகிற தூரத்துல தங்கினா பாதி நாளுக்காவது இந்தப் படகுச் செலவு மிச்சம்.

பணத்தை விட நேரம் பெரிய விஷயம். மதியம் சாப்பிட்டுட்டு ஒரு மணி நேரம் காலை நீட்டணும்னா மெஸ்த்ரே வரைக்கும் யார் போய்ட்டு வர்றது? பகல் கூட்டம் சாயங்காலம் கிளம்பிப் போனதுக்கு அப்புறம்தான் ஊர் நல்லா இருக்கும், அப்போ நீங்களும் ரயில் பிடிக்க ஓடிட்டிருப்பீங்க. கபாலி தேரைப் பார்க்கத் தாம்பரத்துல ரூம் போட்ட மாதிரி.

புக்கிங் தளத்துல தலைப்புல 'வெனிஸ்'னு போட்டுட்டு மெஸ்த்ரே, மார்கேரா அறைகளைக் காட்டுவாங்க, ரெண்டும் வெனிஸ் மாநகராட்சிதான் என்பதால அது பொய்யும் இல்லை. பின்கோடைப் பாருங்க. 30121லிருந்து 30125 வரை, அப்புறம் சாந்தா குரோச்சே வட்டாரத்துக்கு 30135, இதெல்லாம் பழைய நகரம். 30126 லீதோ தீவு. 3017ன்னு ஆரம்பிச்சா தரைப்பகுதி.

ரயில் நிலையப் பெயர்லயும் இதே குழப்பம். ரெண்டு பெயரும் 'வெனேத்சியா'ன்னுதான் ஆரம்பிக்கும், பின்னாடி மெஸ்த்ரேன்னு இருந்தா இறங்காதீங்க, கடைசி நிலையம் வரைக்கும் உட்காருங்க.

நங்கநல்லூர்
அப்போ மெஸ்த்ரே வேண்டாம். கன்னரெஜோவில் கீழ்த்தள அறை ஒன்று கிடைக்கிறது. அம்மாவுக்குப் படி ஏறத் தேவையில்லை. எடுத்துவிடலாமா?

அண்ணா நகர்
அக்டோபர் கடைசியில் கீழ்த்தளமா? யோசியுங்கள். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும்தான் அங்கே கடல் ஏறும். 2019 நவம்பர் 12 அன்று 187 செ.மீ. வரை வந்தது (இது கடல்மட்ட அளவு, தெருவில் நின்ற ஆழம் அல்ல). 2020 அக்டோபரிலிருந்து கடல்நீரைத் தடுக்கும் மோசே தடுப்புக் கதவுகள் வேலை செய்கின்றன. ஆனால் 110 செ.மீ. அளவுக்கு ஏறும் என்று கணித்தால்தான் தூக்குவார்கள். அதற்குக் கீழே இருக்கும் ஏற்றத்தில் சதுக்கம் போன்ற தாழ்வான இடங்கள் நனையும். கன்னரெஜோவில் பல இடங்கள் அதைவிட மேடு. ஆனாலும் வாசல் ஒரு படி கூட உயராத கீழ்த்தள அறையில் வெள்ளம் வராவிட்டாலும் ஈரம் இருக்கும்: சுவரின் கீழ்ப்பகுதியில் காரை உப்புப் பூத்து உதிரும், மெத்தை சில்லென்று இருக்கும். விமர்சனங்களில் 'ஈர வாடை' என்ற சொல்லைத் தேடுங்கள்.

லிஃப்ட் உள்ள ஓட்டலில் முதல் மாடி எடுப்பது நல்லது. 'அம்மெத்சாத்தோ' என்று போட்டிருந்தால் அது கீழ்த்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவில் இருக்கும் குட்டை மாடி. படி குறைவு, வெள்ளத்துக்கும் தப்பும், அம்மாவுக்கு வசதிதான். கூரை மட்டும் தாழ்வு.

ஏர்போர்ட்டிலிருந்து அலிலகூனா நிறுவனத்தின் ஆரஞ்சு வழித்தடப் படகு குலியே துறைக்கே போகும், ஏறக்குறைய முக்கால் மணி நேரம். வாப்பரெட்டோ டிக்கெட் இதில் செல்லாது. முனையத்திலிருந்து படகுத்துறைக்குக் கூரை போட்ட நடைபாதையில் பத்து நிமிடம் நடக்க வேண்டும், சக்கர நாற்காலி கேட்டிருந்தால் துறை வரை வருவார்களா என்று முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

குரோம்பேட்டை
ஓட்டல் வரி ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியாகக் கேட்பார்கள். ஆன்லைனில் கட்டிய தொகையில் பெரும்பாலும் இது சேராது, சில்லறை யூரோ கையில் இருக்கட்டும். 2024ல் கொண்டுவந்த பகல் நுழைவுக் கட்டணம் வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் குறிப்பிட்ட நாட்களுக்குத்தான், அக்டோபருக்குக் கவலை இல்லை. விசா முத்திரை விழும் வரை பணம் திரும்பக் கிடைக்கும் புக்கிங்காகவே வைத்துக்கொள்ளுங்கள். தோர்சோதூரோ வட்டாரமும் நல்ல பகுதிதான், ஆனால் சாந்தா மர்கெரித்தா சதுக்கத்தை ஒட்டி வேண்டாம், மாணவர் கூட்டம், நள்ளிரவு வரை சத்தம்.

மேற்கு மாம்பலம்
ரசம் சாதம் இல்லாம முடியாதுன்னா சமையலறை உள்ள வீடா எடுங்க. நம்ம மூணு பின் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் கட்டாயம். போன் சார்ஜரோட மெல்லிய ரெண்டு பின் சரியாப் போகும். இத்தாலியில வீட்டு மின் இணைப்பு பெரும்பாலும் 3 கிலோவாட்தான். இண்டக்‌ஷன்ல குக்கரை வெச்சுட்டு, கெட்டிலும் ஹீட்டரும் சேர்த்துப் போட்டா மெயின் விழுந்துடும். சில கட்டடங்கள்ல அந்த சுவிட்ச் வீட்டுக்குள்ள இருக்காது, கீழே மாடிப்படிக்கு அடியில பூட்டின பெட்டியில இருக்கும். சாவி வாங்கும்போதே அது எங்கே இருக்குன்னு காட்டச் சொல்லுங்க.